ஆஸ்டின், ராலி நகரங்களின் வாழிட ஒப்பீடு

ஆஸ்டின், ராலி ஆகியவை ஐக்கிய அமெரிக்காவில் விரைவாக வளர்ந்துவரும் இரு நகரங்கள் ஆகும். ஆஸ்டின் டெக்சஸ் மாநிலத்தின் தலைநகரம். ராலி வட கரொலைனா மாநிலத்தின் தலைநகரம். இரண்டும் மாநில அரசு, பெரிய பொதுப் பல்கலைக்கழகம், கணினித் தொழில் ஆகிய மூன்றையும் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவை. வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ இடம்பெயர விரும்புவோர் இவ்விரு நகரங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது 1990களிலிருந்தே வழக்கமாக உள்ளது.

நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிக்காகோ போன்ற மாநகரங்களோடு ஒப்பிடும்போது இவை நடுத்தர அளவுள்ளவை எனக் கருதப்படுகின்றன. எனினும் நகர எல்லையை மட்டும் கணக்கிட்டால் ஆஸ்டின் 2020 கணக்கெடுப்பில் நாட்டின் 11ஆவது பெரிய நகரமாக இருந்தது. பாஸ்டன், அட்லாண்டா போன்ற நகரங்களின் எல்லை சிறியது. ஆஸ்டினின் எல்லை மிக விரிவானது. ஆகவே சுற்றுப்பகுதிகளையும் சேர்த்த பெருநகரப் பகுதியைக் கொண்டு ஒப்பிடுவதே பொருத்தமானது.

வரலாற்றுப் பின்னணி

இரு நகரங்களும் தலைநகராக வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டவை. ராலி 1792ல் நிறுவப்பட்டது. ஜோயல் லேன் என்பவரிடமிருந்து வாங்கிய 1,000 ஏக்கர் நிலத்தில், நடுவே அரசு மன்றச் சதுக்கமும் அதைச் சுற்றி நான்கு சிறு சதுக்கங்களும் கொண்ட நகரம் வரையப்பட்டது. ஆங்கிலேயக் கடலோடி சர் வால்டர் ராலியின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆஸ்டின் 1839ல், டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருந்த வாட்டர்லூ என்னும் சிற்றூரின் இடத்தில் தோன்றியது. இந்த ஆறு டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் கலப்பது. பெரும் பள்ளத்தாக்கு வழியே ஓடும் அதே பெயருடைய ஆறு வேறு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரண்டும் அரசு அலுவலர்களும் மாணவர்களும் நிறைந்த அமைதியான ஊர்களாகவே இருந்தன. மாற்றம் முதலில் வட கரொலைனாவில் தொடங்கியது. புகையிலை, துணி ஆலை, மரத் தளவாடம் ஆகியவற்றை நம்பியிருந்த அம்மாநிலம் 1950களில் தனிநபர் வருமானத்தில் நாட்டின் கடைசி வரிசையில் இருந்தது. ராலியில் வட கரொலைனா மாநிலப் பல்கலைக்கழகம், டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் வட கரொலைனாப் பல்கலைக்கழகம் என மூன்று உயர்கல்வி நிலையங்கள் அருகருகே இருந்தும், அவற்றில் படித்தவர்கள் வேலைக்கு வடமாநிலங்களுக்குச் சென்றுவந்தனர். அவர்களை மாநிலத்திலேயே நிறுத்தும் நோக்கில் 1959ல் இம்மூன்று ஊர்களுக்கும் இடையே ஆய்வு முக்கோணப் பூங்கா நிறுவப்பட்டது. முதல் சில ஆண்டுகள் நிலம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. 1965ல் ஐ.பி.எம். நிறுவனமும் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் நலவியல் ஆய்வு நிலையமும் அங்கு வர முடிவு செய்தபின் நிலைமை மாறியது. இன்று அப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 7,000 ஏக்கர்.

ஆஸ்டினில் ஐ.பி.எம். 1967லும், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1969லும், மோட்டோரோலா 1974லும் தொழிற்கூடங்களைத் திறந்தன. 1983ல் இரு நகரங்களும் நேருக்கு நேர் மோதின. ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்துக்கு ஈடுகொடுக்க அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து எம்.சி.சி. என்னும் கூட்டு ஆய்வமைப்பைத் தொடங்கின. அதைப் பெற 27 மாநிலங்களைச் சேர்ந்த 57 நகரங்கள் போட்டியிட்டன. இறுதிச் சுற்றில் ஆஸ்டின், அட்லாண்டா, சான் டியேகோ, ஆய்வு முக்கோணம் ஆகிய நான்கும் நின்றன. கட்டடமும் பல்கலைக்கழகத்தில் புதிய பேராசிரியர் பதவிகளும் தருவதாக முன்வந்த ஆஸ்டின் வென்றது. அவ்வமைப்பு பின்னர் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது வந்த காலத்தில் உயர்ந்த நிலவிலை, 1980களின் இறுதியில் சரிந்து பல வங்கிகளையும் சேர்த்து வீழ்த்தியது. ஆஸ்டின் வளரும்போது மிக விரைவாக வளர்ந்து, தளரும்போது அதே விரைவில் தளரும் இயல்புடையது என்பதற்கு இது முதல் சான்று. ராலியின் வரலாற்றில் இத்தகைய கூர்மையான ஏற்ற இறக்கம் குறைவு.

மக்கள்தொகை

2000ல் 656,562 ஆக இருந்த ஆஸ்டின் நகர மக்கள்தொகை 2020ல் 961,855 ஆனது. அதே காலத்தில் ராலி 276,093லிருந்து 467,665 ஆக உயர்ந்தது. பெருநகரப் பகுதி அளவில் ஆஸ்டின் ஏறத்தாழ 12.5 இலட்சத்திலிருந்து 22.8 இலட்சமாகவும், ராலி–கேரி பகுதி ஏறத்தாழ 8 இலட்சத்திலிருந்து 14.1 இலட்சமாகவும் வளர்ந்தன. இருபதே ஆண்டுகளில் இரண்டும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெருத்துள்ளன.

ராலியின் எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரை மணி நேரப் பயணத்தில் உள்ள டர்ஹாமும் சேப்பல் ஹில்லும் 2003 முதல் தனிப் பெருநகரப் பகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. வேலைக்குச் செல்வோருக்கு இந்த எல்லை பொருளற்றது. கேரியில் வாழ்ந்து டர்ஹாமில் வேலை செய்வோர் ஏராளம். இரு பகுதிகளையும் சேர்த்தால் மக்கள்தொகை 20 இலட்சத்தைத் தாண்டி ஆஸ்டினுக்கு நெருங்கி வரும்.

ஆஸ்டின் நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இசுப்பானிய வழியினர்; ஆபிரிக்க அமெரிக்கர் பங்கு மிகக் குறைவு. ராலியில் நான்கில் ஒருவருக்கு மேல் ஆபிரிக்க அமெரிக்கர்.

வேலைவாய்ப்பு

ஆஸ்டினின் தொழில்கள் குறைகடத்தி, கணினி வன்பொருள், மென்பொருள் ஆகியவற்றைச் சார்ந்தவை. 1984ல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் விடுதி அறையில் மைக்கேல் டெல் தொடங்கிய நிறுவனம் இன்று அருகிலுள்ள ரவுண்ட் ராக் நகரில் தலைமையகம் கொண்டுள்ளது. சாம்சங் 1990களின் இறுதியிலிருந்து இங்கு சில்லுகளைத் தயாரிக்கிறது. டெஸ்லா 2021ல் தன் தலைமையகத்தை இங்கு மாற்றி, 2022ல் நகரின் தென்கிழக்கு விளிம்பில் பெரும் தொழிற்சாலையைத் திறந்தது. ஆரக்கிள் நிறுவனம் 2020ல் தலைமையகத்தை ஆஸ்டினுக்கு மாற்றுவதாக அறிவித்தது; நான்கே ஆண்டுகளில் அதன் நிறுவனர் நாஷ்வில் நகரே இனி உலகத் தலைமையகமாகும் என்றார்.

ராலிப் பகுதியில் மருந்து, உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வு ஆகியவையும் மென்பொருளுக்கு இணையாக உள்ளன. புள்ளியியல் மென்பொருள் செய்யும் சாஸ் நிறுவனம் 1976 முதல் இயங்கி வருகிறது. அது வட கரொலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்து பிறந்தது. திறந்த மூல மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் ராலியில் உள்ளது; 2019ல் ஐ.பி.எம். அதனை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆப்பிள் நிறுவனம் 2021ல் ஆய்வு முக்கோணப் பூங்காவில் 3,000 பேருக்கு வேலை தரும் வளாகத்தை அறிவித்தது. ஆனால் 2024ல் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புகளை நம்பி வீடு வாங்கியோர் இரு நகரங்களிலும் உண்டு.

வீடும் வரியும்

டெக்சஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. 2019ல் நடந்த வாக்கெடுப்பின் மூலம் அத்தகைய வரி விதிப்பதை மாநில அரசியலமைப்பே தடை செய்தது. வட கரொலைனாவில் எல்லா வருமானத்துக்கும் ஒரே வீதத்தில் வரி உண்டு. 2025ல் அது 4.25 விழுக்காடு, 2026ல் 3.99 விழுக்காடு. இதை மட்டும் பார்ப்போர் ஆஸ்டினில் செலவு குறைவு என்று முடிவு செய்வது வழக்கம்.

ஆனால் டெக்சசில் பள்ளி, நகரம், கவுண்டி, மருத்துவமனை, சமுதாயக் கல்லூரி எல்லாம் சொத்து வரியையே நம்பியுள்ளன. 2024 வாக்கில் ஆஸ்டின் நகருக்குள் இவற்றின் மொத்த வீதம் வீட்டு மதிப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ராலியில் நகரம், கவுண்டி இரண்டின் வீதமும் சேர்ந்து 0.9 விழுக்காட்டுக்கும் குறைவு. 5 இலட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டில் வாழும், ஆண்டுக்கு 1 இலட்சம் டாலர் ஈட்டும் தம்பதியை எடுத்துக்கொண்டால், சொந்த வீட்டுக்கான சலுகைகளைக் கழித்தபின் ஆஸ்டினில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 டாலர் சொத்து வரி வரும். ராலியில் சொத்து வரி ஏறத்தாழ 4,400 டாலரும் மாநில வருமான வரி 3,000 டாலருக்குச் சற்று மேலும் வரும். கூட்டிப் பார்த்தால் பெரிய வேறுபாடில்லை. வருமானம் இதைவிட மிக உயர்ந்தால் டெக்சஸ் ஆதாயமானது. வருமானம் குறைந்தால், குறிப்பாக வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ, வட கரொலைனா ஆதாயமானது. சம்பளம் நின்றால் வருமான வரியும் நிற்கும், சொத்து வரி நிற்பதில்லை. 65 வயதைக் கடந்தோருக்குப் பள்ளி வரி உயராமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு டெக்சசில் உண்டு. வாடகை வீட்டில் இருப்போருக்குச் சொந்த வீட்டுச் சலுகை எதுவும் இல்லை. உரிமையாளர் கட்டும் வரி வாடகைக்குள் வந்து சேரும்.

வீட்டு விலையிலும் ஆஸ்டினின் ஏற்ற இறக்கம் தெரிகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் கலிபோர்னியாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தோரால் பெருநகரப் பகுதியின் இடைநிலை வீட்டு விலை 2022 வசந்த காலத்தில் ஐந்தரை இலட்சம் டாலரைத் தொட்டது. பின்னர் அது இறங்கியது. அதே காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருமளவில் கட்டி முடிக்கப்பட்டதால் 2023 முதல் வாடகையும் தொடர்ந்து குறைந்தது. அமெரிக்காவில் வளரும் நகரமொன்றில் வாடகை இவ்வாறு இறங்குவது அரிது. வீட்டுக் கட்டுமானம் பற்றி எழுதுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு இது.

இரு மாநிலங்களிலும் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கும் உரிமை நகரங்களிடம் இல்லை. எனவே இரு நகர மன்றங்களும் கட்டட விதிகளையே தளர்த்தின. ராலி 2021ல் தனி வீடுகளுக்கு ஒதுக்கப்பட்ட பெரும்பாலான தெருக்களில் இரட்டை வீடுகளை அனுமதித்தது. ஆஸ்டின் 2023 டிசம்பரில் ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்ட இடமளித்தது. கட்டடங்களுக்குக் கட்டாய வண்டி நிறுத்துமிடம் என்னும் விதியையும் இரு நகரங்களும் நீக்கியுள்ளன. பழைய குடியிருப்புகளில் இம்மாற்றங்களுக்கு எதிர்ப்பு வலுவாக இருந்தது.

கிழக்கு ஆஸ்டினும் தென்கிழக்கு ராலியும்

1928ல் ஆஸ்டின் நகர மன்றம் ஏற்ற நகரத் திட்டம், ஆபிரிக்க அமெரிக்கருக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளை நகரின் கிழக்குப் பகுதியில் மட்டும் வழங்கப் பரிந்துரைத்தது. பிற பகுதிகளில் வாழ்ந்தோர் தாமாகவே கிழக்கே செல்வர் என்பதே அதன் நோக்கம், அவ்வாறே நடந்தது. 1962ல் கிழக்கு நிழற்சாலை என்னும் பழைய அகன்ற தெருவின் மேல் மாநிலங்களிடை நெடுஞ்சாலை 35 திறக்கப்பட்டபோது அந்தக் கோடு கற்காரைச் சுவராகவே மாறியது.

நகரின் மேற்கே நிலைமை வேறு. அங்கு சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்ப்படுகை உள்ளது. அதன் நீர் பார்ட்டன் ஊற்றாக வெளிவந்து, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் இருக்கும் இயற்கைக் குளமாகத் தேங்குகிறது. கோடையில் நகரமே கூடும் இடம் இது. 1990ல் ஊற்றுக்கு மேலே பெரும் குடியிருப்புத் திட்டம் ஒன்று வந்தபோது நூற்றுக்கணக்கானோர் நகர மன்றத்தில் இரவு முழுவதும் பேசி அதைத் தடுத்தனர். 1992ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஊற்றைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. அமெரிக்க நகரச் சூழலியல் இயக்கங்களின் வெற்றிகளில் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. மேற்கே கட்ட முடியாத வீடுகள் வேறெங்காவது எழ வேண்டும். 1990களின் இறுதியில் நகரம் வகுத்த வளர்ச்சிக் கொள்கை, விரும்பத்தக்க வளர்ச்சி மண்டலம் என நகர மையத்தையும் கிழக்குப் பகுதியையும் குறித்தது. எழுபது ஆண்டுகளாக ஒதுக்கப்பட்டிருந்த தெருக்களில் நிலவிலை உயர்ந்தது. நிலவிலையோடு சொத்து வரியும் உயர்ந்தது. கடனில்லாத சொந்த வீட்டில் இருந்தோரும் வரி கட்ட முடியாமல் விற்றுச் சென்றனர். 2000க்கும் 2010க்கும் இடையே நகர மக்கள்தொகை 20 விழுக்காட்டுக்கு மேல் பெருகியபோது ஆபிரிக்க அமெரிக்கர் எண்ணிக்கை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. விரைந்து வளர்ந்த பெரிய நகரங்களில் இவ்வாறு நிகழ்ந்தது ஆஸ்டினில் மட்டுமே என டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களில் பலர் பிளூகர்வில், மேனர் முதலிய புறநகர்களில் குடியேறினர். ஆண்ட தேவாலயம் நகருக்குள் இருக்க, அதற்கு ஞாயிறுதோறும் வண்டியில் வந்து செல்லும் நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

ராலியிலும் இனப் பிரிவினை இருந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்றோர் அமைத்த ஓபர்லின் போன்ற குடியிருப்புகள் நகரைச் சுற்றி இருந்தன. பின்னர் தென்கிழக்கே ஆபிரிக்க அமெரிக்கர் வாழ்வு திரண்டது. 1865ல் தொடங்கிய ஷா பல்கலைக்கழகம் அங்குள்ளது. 1960 ஏப்ரலில் எல்லா பேக்கரின் அழைப்பில் கூடிய மாணவர்கள் வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவை இங்குதான் நிறுவினர். ராலியின் நகர மையம் 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னரே உயிர்பெற்றதால் தென்கிழக்கில் விலை ஏற்றம் பிந்தித் தொடங்கியது. இப்போது அங்கும் சிறு வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் பெரிய வீடுகள் எழுகின்றன. சொத்து வரி வீதம் தாழ்வாக இருப்பதால் பழைய குடியினரை வெளியேற்றும் அழுத்தம் டெக்சசின் அளவுக்குக் கடுமையானதல்ல. ஆயினும் கவுண்டியின் மறுமதிப்பீடு வரும் ஆண்டுகளில் வரித்தொகை திடீரென உயர்கிறது.

பள்ளிகள்

பிள்ளைகளோடு குடிவருவோருக்கு இரு நகரங்களுக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு இதுவே. 1976ல் ராலி நகரப் பள்ளிகளும் வேக் கவுண்டிப் பள்ளிகளும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. அதனால் செல்வந்தர் புறநகரும் நகரின் ஏழைத் தெருவும் ஒரே பள்ளிக் குழுவின் கீழ் உள்ளன. 2000ல் ஒவ்வொரு பள்ளியிலும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் பங்கு ஓர் அளவுக்கு மிகாமல் மாணவர்களைப் பகிரும் முறை கொண்டுவரப்பட்டது. நாடெங்கும் கவனம் பெற்ற இம்முறையை 2010ல் புதிய பள்ளிக் குழு கைவிட்டது. மாணவர் எண்ணிக்கை பெருகிக்கொண்டே இருப்பதால் பிள்ளையின் பள்ளி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படலாம். கோடை விடுமுறை இன்றி ஆண்டு முழுவதும் சுழற்சியில் இயங்கும் பள்ளிகளும் உண்டு. வீடு வாங்கும்போது எதிர்பார்த்த பள்ளி கிடைக்கவில்லை என்பது அங்குள்ள பெற்றோரின் பழகிய குறை.

ஆஸ்டின் பகுதியில் ஒவ்வொரு புறநகருக்கும் தனிப் பள்ளி மாவட்டம் உள்ளது. எந்தத் தெருவில் வீடு என்பது எந்தப் பள்ளி என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். 1993ல் இயற்றிய மாநிலச் சட்டப்படி சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்கள் தம் வரியில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். நிலவிலை உயர்ந்த ஆஸ்டின் மாவட்டமே பல ஆண்டுகளாக மாநிலத்தில் மிக அதிகத் தொகை செலுத்தி வருகிறது. அதன் மாணவரில் பெரும்பகுதியினர் எளிய குடும்பத்தினர்.

தட்பவெப்பம், நீர், மின்சாரம்

ராலியில் நான்கு பருவங்களும் தெளிவாகத் தெரியும். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 32 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். சனவரி இரவுகள் உறைநிலையைத் தொடும். ஆஸ்டினில் குளிர்காலம் மிதமானது, கோடை நீண்டது. ஆகஸ்ட் பகல் வெப்பம் சராசரியாக 36 பாகையைத் தாண்டும். 2011ல் 90 நாட்களில் வெப்பம் 100 பாரன்ஹீட்டை (37.8 செல்சியசு) எட்டியது, 2023ல் தொடர்ந்து 45 நாட்கள் அவ்வாறு இருந்தது. சென்னை வெயிலில் பழகியவர்களுக்கும் இது எளிதன்று. கடற்காற்று வருவதில்லை.

ஒவ்வாமை உள்ளோர் கவனிக்க வேண்டியது வேறு. ஆஸ்டினில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குன்றுகளிலுள்ள சூனிப்பர் மரங்களின் மகரந்தத்தால் 'சீடர் காய்ச்சல்' எனப்படும் தும்மலும் கண்ணெரிச்சலும் பரவும். ராலியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பைன் மரங்களின் மஞ்சள் தூள் வண்டிகளையும் திண்ணைகளையும் மூடும்.

இடர்களைப் பொறுத்தவரை, ஆஸ்டின் திடீர் வெள்ளம் மிகுந்த நிலப்பகுதியில் உள்ளது. குன்றுகளில் மண் மெல்லியது. பெய்யும் மழை உடனே ஓடைகளில் இறங்கும். 1981 மே மாதம் நகருக்குள்ளேயே 13 பேர் இறந்தனர். 2025 ஜூலை மாதம் மேற்கேயுள்ள குன்றுப் பகுதியிலும் அதைச் சுற்றிலும் ஏற்பட்ட வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆஸ்டின் அமைந்துள்ள டிராவிஸ் கவுண்டியிலும் இறப்புகள் நேர்ந்தன. ராலி கடலிலிருந்து தொலைவில் இருந்தாலும் சூறாவளிகளுக்குத் தப்பியதில்லை. 1996 செப்டம்பரில் பிரான் சூறாவளி ஓக் மரங்களின் நகரம் எனப் பெயர்பெற்ற ராலியின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2011 ஏப்ரலில் ஒரு சுழற்காற்று நகரைத் தாக்கியது. பனியில் இரு நகரங்களும் திணறும். 2005 சனவரியில் விரலளவு பனி சாலையில் உறைந்ததால் ராலியில் மாலையில் வீடு திரும்ப முடியாமல் பிள்ளைகள் சிலர் பள்ளியிலேயே இரவைக் கழித்தனர்.

எனினும் 2021 பிப்ரவரியில் டெக்சசில் நடந்தது வேறு வகையானது. அம்மாநிலத்தின் மின் தொகுப்பு, நடுவண் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்படாதிருக்கும் பொருட்டு, பெரும்பாலும் தனித்தே இயங்குகிறது. கடுங்குளிரில் இயற்கை வளிமக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்து நின்றபோது அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லாமற்போயிற்று. ஆஸ்டினில் ஏராளமான வீடுகள் நாட்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன; பின்னர் குடிநீரும் தடைபட்டு, நகர் முழுவதும் நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அறிவிக்கப்பட்டது. மாநில அரசின் கணக்குப்படி டெக்சசில் 246 பேர் இறந்தனர். அதன்பின் மின்நிலையங்களைக் குளிருக்கு ஏற்பப் பாதுகாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆஸ்டினில் வீடு பார்ப்போர் மருத்துவமனை அல்லது தீயணைப்பு நிலையத்தின் அதே மின் தடத்தில் வீடு உள்ளதா என விசாரிப்பது அதற்குப்பின் வந்த பழக்கம். அத்தகைய தடங்கள் எளிதில் நிறுத்தப்படுவதில்லை.

குடிநீருக்கு ஆஸ்டின் கொலராடோ ஆற்றின் அணைகளையும், ராலி நியூஸ் ஆற்றிலுள்ள பால்ஸ் ஏரியையும் நம்பியுள்ளன. 2007–2008 வறட்சியில் பால்ஸ் ஏரி மிகவும் வற்றி, ராலியில் கடும் நீர்க் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

போக்குவரத்து

இரண்டிலும் சொந்த வண்டியின்றி வாழ்வது கடினம். ஆஸ்டினின் நெரிசல் பெரும்பாலும் நெடுஞ்சாலை 35ஐச் சார்ந்தது. மெக்சிக்கோ எல்லையிலிருந்து வடக்கே செல்லும் சரக்கு வண்டிகளும் நகரத்தார் வண்டிகளும் ஒரே சாலையில் நகர மையத்தைக் கடக்கின்றன. 2024ல் அச்சாலையை அகலப்படுத்தித் தாழ்த்தும் பணி தொடங்கியது. முடியப் பல ஆண்டுகள் ஆகும். ராலியில் நெடுஞ்சாலைகள் நகரைச் சுற்றி வளையங்களாக அமைந்துள்ளதால் நெரிசல் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. ஆனால் பயணத் தொலைவு கூடுதல். அலுவலகம் பூங்காவிலும், பள்ளி கேரியிலும், கடை வேறெங்கோ இருக்கும்.

ஆஸ்டினில் 2010 முதல் லியாண்டர் வரை ஒரு புறநகர்த் தொடருந்து ஓடுகிறது. 2020 நவம்பரில் வாக்காளர் பெரும் தொடருந்துத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தனர். செலவு கூடியதால் 2023ல் அது ஏறத்தாழ 16 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. வேக் கவுண்டி மக்கள் 2016ல் பொதுப் போக்குவரத்துக்காக விற்பனை வரியை உயர்த்த இசைந்தனர். டர்ஹாம் பக்கம் திட்டமிட்ட இலகு தொடருந்து 2019ல் கைவிடப்பட்டது. இன்று ராலியில் பேருந்தும், சார்லட் உள்ளிட்ட நகரங்களுக்குச் செல்லும் பயணிகள் தொடருந்தும் உள்ளன.

பண்பாடும் பொழுதுபோக்கும்

ஆஸ்டினின் புகழ் இசையால் வந்தது. 1987ல் தொடங்கிய சவுத் பை சவுத்வெஸ்ட் விழா உலகறிந்தது. ஆயினும் வாடகை உயர்வால் இசைக்கலைஞர் பலர் நகருக்கு வெளியே வாழ்கின்றனர். 1970களில் ஆஸ்டின் இசையின் இருப்பிடமாக விளங்கிய ஆர்மடில்லோ அரங்கம் 1980ன் கடைசி இரவோடு மூடப்பட்டு, அவ்விடத்தில் அலுவலகக் கட்டடம் எழுந்தது. ராலியில் மாநில அரசின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தையும் கலை அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஓடைகளை ஒட்டிய நடைபாதைகள் 160 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. 2012ல் மூடப்பட்ட டிக்ஸ் மனநல மருத்துவமனையின் 308 ஏக்கர் வளாகத்தை நகரம் 2015ல் 52 மில்லியன் டாலருக்கு வாங்கிப் பூங்காவாக்கி வருகிறது. அதை விற்றுக் கட்டடங்கள் எழுப்பியிருந்தால் பன்மடங்கு வருவாய் கிடைத்திருக்கும்.

இந்தியரும் தமிழரும்

இரு பகுதிகளிலும் கணினித் துறையையொட்டி இந்தியர் குடியேறியுள்ளனர். இரண்டிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. ஆஸ்டினில் இவர்கள் பெரும்பாலும் வடமேற்குப் புறநகர்களிலும், ராலிப் பகுதியில் கேரி, மோரிஸ்வில் ஆகிய ஊர்களிலும் வாழ்கின்றனர். கேரியிலுள்ள வெங்கடேசுவரர் கோயிலின் 87 அடி உயர இராசகோபுரம் 2022 அக்டோபரில், தீபாவளியன்று, மாநில ஆளுநர் முன்னிலையில் திறக்கப்பட்டது. மோரிஸ்வில் ஊரின் துடுப்பாட்ட மைதானத்தில் 2023ல் அமெரிக்காவின் மேஜர் லீக் கிரிக்கெட் தொடரின் முதல் ஆண்டு ஆட்டங்களில் ஒரு பகுதி நடைபெற்றது; எஞ்சியவை டெக்சசிலுள்ள கிராண்ட் பிரெய்ரி நகரில் நடந்தன.